குடும்ப விளக்கும் தாயின் படிப்பும்

நம் சங்கக் கூட்டங்களிலும் நூல்நிலைய ஆண்டு விழாக்களிலும் தவறாது கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. "நம் பெண்மக்கள் படிப்பதில்லை, படித்தாலும் கதைகளையன்றி வேறெதையும் தொடுவதில்லை" என்பதே அது. இக்குறையைக் கூறுவோர் பெரும்பாலும் ஆடவரே. அவர்கள் மேடையேறிப் பேசிக்கொண்டிருக்கும் அதே வேளையில் அவர்களுடைய வீட்டில் சோறு வடிப்பவர் யார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார், மறுநாள் பள்ளிச் சட்டையைத் துவைத்து உலர்த்தி வைப்பவர் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒருவர் படிக்கவில்லை என்று தீர்ப்புக் கூறுமுன், படிப்பதற்கு அவருக்குள்ள நேரம் எவ்வளவு என்று கேட்பதன்றோ நேர்மை? அக்கேள்வியை நம் இலக்கியம் எழுப்பியதுண்டா, எழுப்பியிருப்பின் எவ்விதம் விடை கூறிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் முதற்கண் எடுத்துக்கொள்வது புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு'. சீர்திருத்தத் திருமண மேடைகளில் மணமக்களுக்கு எடுத்துக் கூறப்படும் நூல் அது. 1942 தொடங்கி 1950 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த அதன் முதற்பகுதிக்கு 'ஒருநாள் நிகழ்ச்சி' என்பது பெயர். ஓர் இல்லத்தாயின் ஒரு நாளை, விடியற்காலை முதல் இரவு துயிலும் வரை, ஒழுங்காகத் தொடர்ந்து பாடுகிறது அப்பகுதி. அரசரையும் ஆண்டவனையும் பாடிப் பழகிய தமிழ்க் கவிதை, முறத்தையும் துடைப்பத்தையும் பால்செம்பையும் பாடத் துணிந்தது சிறிய செயலன்று. இல்லத்தில் நடைபெறும் உழைப்பும் உழைப்பே, அதுவும் காவியத்துக்குரிய பொருளே என்பதை நிலைநாட்டிய பெருமை அந்நூலுக்கு உண்டு. அப்பெருமையை முழு மனத்துடன் ஒப்புக்கொண்டே நாம் மேலே செல்கிறோம்.

தலைவி தங்கம் கல்வியறிவு பெற்றவள். வைகறையில் எழுகிறாள்; வாசல் தெளித்துக் கோலமிடுகிறாள்; யாழ் எடுத்துப் பாடுகிறாள்; பிள்ளைகளையும் கணவன் மணவழகனையும் கவனிக்கிறாள்; மாமன் மாமியைப் பேணுகிறாள்; தைக்கிறாள்; பழுதுபட்ட பொருள்களைத் தானே செப்பனிடுகிறாள்; கணவனின் கடையிலும் அமர்ந்து வாணிகம் பார்க்கிறாள். இரவில் அனைவரும் உறங்கிய பின் கணவனிடம் அவள் கேட்பதுதான் நூலின் உயர்ந்த இடம். காலை முதல் இரவு வரை நம் நலத்தையே தேடினோமே, பொது நலத்துக்கு என்ன செய்தோம் என்பது அவள் கேள்வி. அடுக்களையில் நின்றவள் நாட்டைக் குறித்துச் சிந்திக்கிறாள். பெண்ணுக்கு அறிவு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேறென்ன வேண்டும்?

எனினும் இவ்விடத்தில் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. பொதுநலத்தைப் பற்றி இத்துணைத் தெளிவாகப் பேசும் ஒருத்தி, நாட்டு நடப்பை அறிந்தவளாகவன்றோ இருத்தல் வேண்டும்? அவள் எப்பொழுது அறிந்தாள்? மணமாகுமுன் கற்ற கல்வி ஒன்றே வாழ்நாள் முழுமைக்கும் போதுமா? கல்வியால் விளையும் பயன்களைக் கவிஞர் பக்கந்தோறும் காட்டுகிறார். வீடு தூய்மையாகிறது, பிள்ளை அறிவு பெறுகிறது, கணக்கு நேராகிறது, முதியோர் மகிழ்கின்றனர். ஆனால், அந்தக் கல்வி மங்காதிருக்க அவளுக்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை நூல் முதன்மையாக்கவில்லை. விளக்கின் ஒளி விழும் இடங்களை எல்லாம் காட்டிய கவிதை, அதற்கு எண்ணெய் வார்ப்பவர் யார் என்பதில் அவ்வளவு நாட்டம் செலுத்தவில்லை என்பது நம் துணிபு.

கல்வி வேறு, படிப்பு வேறு என்பதை நம்மவர் உணர்தல் வேண்டும். கல்வி ஒருமுறை பெறப்படுவது. பள்ளியில் பெறலாம், சான்றிதழும் வாங்கலாம். படிப்போ நாடோறும் செய்யப்படுவது. உணவும் உறக்கமும் போன்றது. பெண்கல்வி வேண்டும் என்று முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாம் முழங்கியிருக்கிறோம். அதில் பெருவெற்றியும் கண்டிருக்கிறோம். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி செல்லாத தமிழ்ப் பெண்ணைக் காண்பது அரிது. ஆனால் பட்டம் பெற்ற பெண்ணும் தாயான பின் ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை படிக்க இயலாமல் ஆண்டுகளைக் கழிக்கிறாள். பெண்கல்வியில் வென்ற நாம் பெண் படிப்பில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

பாரதிதாசன் 1944-இல் வெளியிட்ட 'இருண்ட வீடு' இதன் மறுபக்கத்தைக் காட்டுவது. விடிந்த பின்னும் எழாத மக்கள், அழுக்கேறிய வீடு, பேணுவாரற்ற குழந்தைகள் என்று கல்வியற்ற குடும்பத்தின் சீர்கேட்டை நகைச்சுவையுடன் அது சொல்லிச் செல்கிறது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்போர், தூய்மையும் சுறுசுறுப்பும் ஒளி, சோம்பல் இருள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். இவ்விடத்தில்தான் தீங்கு விளைகிறது. பாத்திரம் கழுவாமல் கிடக்க, ஒரு தாய் மூலையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், அவ்வீட்டை நம் அண்டை அயலார் எவ்வீட்டோடு சேர்ப்பர்? ஐயமின்றி இருண்ட வீட்டோடுதான் சேர்ப்பர். ஆடவன் வாரப் பத்திரிகையை விரித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தால் அவன் அறிவாளி. அதே பத்திரிகையைப் பெண் விரித்தால் அவள் சோம்பேறி. இந்த இருவகை அளவுகோலைக் கவிஞர் வகுத்தாரல்லர். சமையல் பெண்களுக்கே உரிய தவிர்க்கவொண்ணாக் கடமை என்று நாட்டில் நிலவும் விதி நீங்க வேண்டும், அது நீங்கப் பெண்கல்வி வேண்டும் என்று 'குடும்ப விளக்கு' நூலிலேயே அவர் வற்புறுத்தியிருக்கிறார். ஆயின் நம்மவர் செய்தது என்ன? தங்கத்தின் உழைப்பை மட்டும் திருமண மேடையில் புகழ்ந்து பேசிவிட்டு, அச்சட்டத்தை நீக்கச் சொன்ன பகுதியை வசதியாக மறந்துவிட்டோம். நூலுக்கு உள்ள குறையினும் அதைப் படித்தவர் குறையே பெரிது.

இனி, நம் நாட்டுத் தங்கங்களைச் சற்று நோக்குவோம். 1930-களின் ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்கு யாழ் இல்லை, கடையும் இல்லை. இருள் பிரியுமுன் எழுந்து உலையேற்றி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்குச் சென்று நிற்க வேண்டும். பின்பு மரம் வெட்ட வேண்டும்; மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குச் சுமந்து வர வேண்டும். லயத்துக்குத் திரும்பிய பின் தொடங்குவது இரண்டாவது நாள். விறகு, தண்ணீர், துணி, அடுப்பு, பிள்ளை. தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் நாம் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு: காட்டில் செய்த வேலைக்கு அதில் ஒரு கட்டமுண்டு; வீட்டில் செய்த வேலைக்கு எந்தச் செக்ரோலிலும் கட்டமில்லை. கட்டத்தில் ஏறாத வேலை வேலையாகவே கருதப்படுவதில்லை. ஆகையால் அவ்வேலையைச் செய்வோருக்கு ஓய்வும் உரியதாகக் கருதப்படுவதில்லை.

ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. பள்ளி வந்தது, கரும்பலகையும் வந்தது. ஆனால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைக்கு அப்பள்ளி எட்டாத தூரத்திலேயே இருந்தது. மாலையில் கடைவாசலிலோ மரத்தடியிலோ ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்பது தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. உலக நடப்பு தோட்டத்துக்குள் புகுந்தது அவ்வழியேதான். அந்த நேரமோ அடுப்பு எரியும் நேரம். பத்திரிகைச் செய்தி தாய்மாருக்கு எட்டியதெல்லாம், ஆடவர் உண்ண வந்தபோது சிந்திய இரண்டொரு சொல்லே.

எழுத்தறியாத தாய் இலக்கியம் அறியாதவள் என்று எண்ணிவிடலாகாது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றவர் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டனர். அக்கதைகளிற் சில பெண்ணுக்கு அடிமைப் புத்தியைப் புகட்டுவன என்று நம் இயக்கத்தார் கண்டித்தது நியாயமே. நல்லதங்காள் வறுமைக்கும் அவமதிப்புக்கும் ஆற்றாது பிள்ளைகளைக் கிணற்றில் எறிவதை விதியென்று ஏற்றுக்கொள்வது தகாது. ஆயினும், அக்கதைகள் தாயை அடைந்த முறையை நாம் இகழ்தல் கூடாது. கை வேலை செய்ய, காது படித்தது. அவளுக்கு இயன்ற படிப்பு அதுவே.

காதும் வாயுமே கருவிகளாக ஒரு பெண் எழுத்தாளராகவும் ஆகலாம் என்பதற்கு வை. மு. கோதைநாயகி அம்மாள் சான்று. இளம் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு வீட்டுக்குள் இருந்த அவர், தமது முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுதியே உருவாக்கினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவருடைய கருத்துக்கள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயின், வீட்டுப் பெண்களை வாசகராக மதித்து, அவர்களுக்கென ஓர் இதழை இடையறாது நடத்திய தொண்டை மறுப்பார் யார்? அக்கதைகளை மலிவானவை என்று தள்ளிய பண்டிதர், மாற்றாக அந்தத் தாய்மாருக்கு எதையும் கொடுத்தாரில்லை.

தொடர்கதைமீது நம்மவர் காட்டும் இகழ்ச்சியும் இத்தகையதே. 1950-இல் 'கல்கி' வார இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வெளிவந்தது. வாரத்துக்கு வாரம் சிறுசிறு அத்தியாயங்கள். ஓர் அத்தியாயம் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்குத் துண்டு துண்டாக வரும் கதையே பொருந்தும். ஆதலின் பெண்கள் தொடர்கதையை விரும்பியதற்குக் காரணம் அவர்களுடைய அறிவுக் குறைவு என்பது பிழை. அவர்களுடைய நாளின் அமைப்பே அதற்குக் காரணம். நம் குற்றச்சாட்டு வேறு. அந்த வடிவத்தைக் கையாண்ட எழுத்தாளர் பலர், அழவைத்து மயக்கி, இறுதியில் நாயகியைப் பொறுமையின் உருவாக்கி, வந்த வழியே அடுப்பங்கரைக்கு அனுப்பிவைத்தனர். தாய் கொடுத்ததோ, உறக்கத்தைக் குறைத்துச் சேமித்த நேரம். அந்நேரத்துக்கு ஈடாக அவளுக்குத் தன் வாழ்வைப் பற்றிய ஒரு புதிய எண்ணமாவது கிடைத்ததா என்பதே அக்கதைகளை அளக்கத் தக்க கோல்.

ஆங்கில நாட்டு எழுத்தாளர் வர்ஜீனியா உல்ப், 1928-இல் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கொண்டு, மறு ஆண்டில் 'தனக்கென ஓர் அறை' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஒரு பெண் இலக்கியம் படைக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஐந்நூறு பவுன் வருமானமும் தாழிட்டுக்கொள்ளத்தக்க அறையும் வேண்டும் என்பது அவர் கூற்று. அது மெய்யே. ஆனால், பலர் நெருங்கி வாழ்ந்த லயத்து வீட்டில் அறையைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் விருந்தைப் பற்றிப் பேசுவதாகும். இன்றைய அடுக்குமாடி வீட்டிலும் தாய்க்கென ஒதுக்கிய அறை ஒன்று உண்டென்றால் அது சமையலறையே. ஆகவே நாம் அறையைக் கேட்கவில்லை. ஒரு நாழிகையைக் கேட்கிறோம். "அம்மா" என்று எவரும் அழைக்காத ஒரு நாழிகை.

சமையலறையை அறையென்றே நேர்நின்று நோக்கிய கதை ஒன்று தமிழில் உண்டு. அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்பது அதன் பெயர். அப்பெயரிலேயே 1988-இல் அவருடைய கதைத்தொகுதியும் வெளிவந்தது. வட நாட்டுப் பெருங்குடும்பம் ஒன்றின் ஒளியற்ற சமையலறை அதன் களம். அங்கே பெண்களின் அறிவும் ஆற்றலும் பூசலும் அதிகாரமும் அச்சுவர்களுக்குள்ளேயே சுழன்று தீர்கின்றன. இத்தனை ஆண்டுகளின் சமையலும் பரிமாறலும் நினைவில் அடைத்துக்கொண்டிராவிடில், அந்த இடத்தில் வேறு என்னென்ன நிறைந்திருக்கும் என்ற கேள்வியை அக்கதை நம்முன் வைக்கிறது. பாரதிதாசன் உழைக்கும் பெண்ணின் கையைப் பாடினார். அம்பை அக்கை ஓய்ந்திருந்தால் மனம் எங்கெங்குச் சென்றிருக்கும் என்று கேட்டார். இருவரையும் பகைவராக நாம் கருத வேண்டுவதில்லை. முன்னவர் கேட்காது விட்ட கேள்வியைப் பின்னவர் கேட்டார். 'குடும்ப விளக்'கை வைத்துள்ள வீடுகளில் இக்கதையும் இருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் நிலைமை மாறிவிட்டது என்பர் சிலர். மாறியதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் தமிழர் பலர் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. அம்மியும் விறகடுப்பும் மறைந்தன. தாய் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்கிறாள். ஆனால், அவள் வெளி வேலையில் பாதியை ஏற்றதுபோல் ஆடவன் வீட்டு வேலையில் பாதியை ஏற்றானா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. சலவை இயந்திரம் துணியைத் துவைக்கும். துணியைத் திரட்டிப் போட்டு எடுத்து உலர்த்தி மடித்து அடுக்க வேண்டும் என்ற நினைவை அது சுமப்பதில்லை. அந்நினைவே படிப்பின் முதற் பகை. கையில் புத்தகம் இருந்தும் மனம் மறுநாட் காலை உணவிலேயே நிற்பதை எந்தத் தாயும் அறிவாள்.

"கைப்பேசி பார்க்க நேரமிருக்கிறதே, படிக்கவா நேரமில்லை?" என்று கேட்போரும் உளர். இக்கேள்விக்கு விடை எளிது. கைப்பேசி இரண்டு நிமிடத் துண்டுகளில் பார்ப்பதற்கென்றே அமைந்தது. எந்த நொடியில் அழைத்தாலும் கீழே வைத்துவிட்டு எழலாம். நூலோ இடையீட்டைப் பொறுக்காது. தாய் கைப்பேசியைப் பார்ப்பது அவளுக்கு நேரமிருப்பதைக் காட்டாது. அவளுடைய நேரம் எத்தனை துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது என்பதையே காட்டும். அன்றியும், அதே கருவியின் வழியே கதைகளையும் கட்டுரைகளையும் ஒலிவடிவில் கேட்டுக்கொண்டு சமைக்கும் பெண்கள் உளர். லயத்தில் கதை கேட்ட பாட்டியின் படிப்பு முறை பேத்தியிடம் மீண்டு வந்திருக்கிறது. அதை நம் நூல்நிலையங்களும் எழுத்தாளரும் ஏளனம் செய்யாது பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தாயின் படிப்பு தாய்க்கு மட்டும் உரிய செய்தியா? நம் மொழியின் வாழ்வே அதில் அடங்கியிருக்கிறது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் நிற்பதற்குக் காரணங்கள் பல. ஆயினும், வீட்டில் தமிழ் படிக்கும் பழக்கம் குன்றினால் எந்த இதழும் நெடுநாள் நில்லாது என்பது வெளிப்படை. பிள்ளை பள்ளியில் எழுத்தைக் கற்கும். எழுத்தின்மேல் விருப்பத்தை வீட்டிலேதான் கற்கும். தமிழ்ப் புத்தகத்தைக் கையிலெடுத்து அமர்ந்திருக்கும் தாயைக் கண்டிராத பிள்ளை, தமிழைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே அறிந்து வளரும். "தமிழ் வாழ்க" என்று மேடையில் ஆயிரம் முறை கூவினும் இக்குறை தீராது.

ஆகவே சில சொல்வோம். சீர்திருத்தம் பேசும் ஆடவர், நாளில் ஒருவேளைச் சமையலையாவது தமது பொறுப்பாக ஏற்றல் வேண்டும். மனைவிக்கு உதவி செய்கிறோம் என்ற எண்ணம் அதில் கூடாது. தாம் உண்ணும் சோற்றை ஆக்குவது பிறர்க்குச் செய்யும் உதவியாகாது. சங்கங்கள் தம் இலக்கியக் கூட்டங்களைத் தாய்மார் வரத்தக்க நேரத்தில் வைத்து, கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருவரை அமர்த்துதல் வேண்டும். தேநீர் தயாரிக்கும் பணியை இம்முறை ஆடவரே ஏற்கட்டும். எழுத்தாளர், தாய்மாருக்கென எழுதும்போது அவர்களுடைய நேரத்தின் சுருக்கத்தை மதித்து அளவாக எழுத வேண்டும். அவர்களுடைய அறிவைச் சுருக்கமானதாக எண்ணி எழுதுதல் ஆகாது. சட்டமும் உடல்நலமும் வரலாறும் அறிவியலும் ஏழெட்டுப் பக்கங்களில் தெளிவாகக் கூறத்தக்கவையே. வீட்டில் பிள்ளைகள், தாய் காய் நறுக்கும் வேளையில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும். இருவர் தமிழும் வளரும்.

புத்தகத்தோடு அமர்ந்த தாயைக் கண்டால் வீட்டார் அவளை எழுப்பாதிருக்கப் பழக வேண்டும். சோறு சற்றுத் தாழ்ந்தால் குடி முழுகிவிடாது. 'குடும்ப விளக்கு' நம் வீடுகளில் இனியும் படிக்கப்பட வேண்டிய நூலே. ஆனால் கணவன் படித்துக்காட்ட, மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கும் நிலை வேண்டா. அடுத்த முறை அப்பாத்திரங்களைக் கணவன் துலக்கட்டும். நூலைத் தங்கமே தன் கையில் வைத்துப் படிக்கட்டும்.